எந்தக் கைக்கு எந்தக் கையுறை?

வைகறைப் பொழுதில் அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் பேருந்துக்குக் காத்து நிற்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைக்குச் செல்லும் ஆண்கள் இருக்கிறார்கள். வேலூர் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் இருக்கிறார்கள். கொத்தனாரும் சித்தாளும் உடன் நிற்கிறார்கள். பேருந்து ஏறாதோர் கரும்புத் தோட்டத்திற்கும் நெல் வயலுக்கும் நடந்து செல்கின்றனர். இவர்கள் யாவருக்கும் மூலதனம் ஒன்றே. அது இறைவன் அளித்த இரு கைகள். அக்கைகள் பழுதுபட்டால் அடுப்பு எரியாது. பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடும்.

இத்துணை அருமையான கைகளைக் காக்க நாம் செய்யும் முயற்சி என்ன? கடையில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டால் போதும் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் ஆபத்தானது. பொருந்தாத கையுறை சில வேளைகளில் வெறுங்கையைவிட மிகுதியான கேட்டை விளைவிக்கும். வெறுங்கையோடு இருப்பவர் அஞ்சி ஒதுங்குவார். பொருந்தாத கையுறை அணிந்தவரோ அச்சமின்றிக் கையை நீட்டிவிடுவார். ஆகவே எந்தப் பணிக்கு எந்தக் கையுறை என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வேலூர் உலகுக்குக் கற்பித்த பாடம்

கைகளைக் காப்பது பற்றி உலகம் கற்றுக்கொண்ட பெரிய பாடங்களுள் ஒன்று நம் வேலூரிலிருந்தே சென்றது. கொல்லிமலையில் பணியாற்றிய மறைபரப்புப் பணியாளரின் மகனாக 1914-இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் குறுகிப் போவது ஏன் என்ற வினா அவர் உள்ளத்தை வருத்தியது. நோயே சதையைத் தின்றுவிடுகிறது என்று அந்நாளில் மருத்துவரும் நம்பினர்.

பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் கண்டறிந்த உண்மை வேறு. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது. உணர்ச்சியற்ற கை, கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றியும் விடுவதில்லை. கூரிய பொருள் குத்தியும் விலகுவதில்லை. உறக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் நோயாளர் விழித்துக்கொள்வதில்லை. இவ்வாறு நேர்ந்த காயங்களும் அவற்றில் பிடித்த சீழுமே விரல்களைக் குறைத்தன. 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தோன்றிய ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் இப்பணியை வளர்த்தது. கைகளை நாள்தோறும் உற்றுநோக்குதல், நீரில் ஊறவைத்து எண்ணெய் பூசுதல், சுடுகலத்தைத் துணியாலோ கையுறையாலோ பிடித்தல் ஆகிய எளிய பழக்கங்கள் உணர்விழந்த கைகளை இன்றும் காத்து வருகின்றன. நெடுநாள் சர்க்கரை நோயால் கைகால் மரத்துப் போனவர்களுக்கும், நீரில் ஊறவைத்தல் நீங்கலாக, இப்பழக்கங்கள் பொருந்தும்.

இதிலிருந்து நாம் பெறும் அறிவு யாது? வலி என்பது இறைவன் நமக்கு அணிவித்த முதல் கையுறை. ஆனால் உலகில் சில கேடுகள் வலியை முன்னே அனுப்புவதில்லை. குரோமிய உப்பும், பசையில் கலந்த கரைப்பானும், பூச்சிமருந்தும், நோய்க்கிருமியும் ஓசையின்றி வருகின்றன. நோவு தெரியும் வேளையில் கேடு உள்ளே நுழைந்துவிட்டிருக்கும். அந்த இடத்திற்கே மனிதன் செய்த கையுறை தேவைப்படுகிறது.

மருத்துவமனையில்

இன்று மருத்துவரின் அடையாளமாக விளங்கும் ரப்பர் கையுறை, முதலில் நோயாளியைக் காக்கத் தோன்றியதன்று. ஒரு செவிலியின் கைகளைக் காக்கவே தோன்றியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்னும் செவிலி பணிபுரிந்தார். அறுவைக்கு முன் கைகழுவப் பயன்பட்ட பாதரச மருந்தால் அவர் கைகள் புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரைக் கொண்டு மெல்லிய கையுறைகளை அவருக்காகச் செய்வித்தார். இது நிகழ்ந்தது 1889–90-இல். அவ்விருவரும் 1890-இல் திருமணத்தில் இணைந்தனர். அக்கையுறை நோயாளியையும் காக்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டு ஒரு திருப்பமாக அமைந்தது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. எய்ட்ஸ் நோய்க்கிருமி இந்தியாவிலும் உண்டு என்பது அதனால் வெளிப்பட்டது. எந்த நோயாளியின் இரத்தத்தையும் வெறுங்கையால் தொடலாகாது என்னும் பொதுவிதி 1987-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்று உலகெங்கும் பரவியது.

மருத்துவக் கையுறைகள் இருவகைப்படும். அறுவைக்குரியது கிருமி நீக்கப்பெற்று, 6, 6½, 7, 7½, 8 என்னும் அளவுகளில், வலக்கை இடக்கை வேறுபாட்டோடு தனி உறையில் வரும். சோதனைக்குரியது பெட்டியில் நூறாக அடைக்கப்பட்டு, எக்கைக்கும் பொருந்துமாறு வரும். முன்னது செய்யவேண்டிய பணியைப் பின்னதைக் கொண்டு செய்தல் தவறு. இரண்டும் ஒருமுறைக்கே உரியவை. ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும்போது கட்டாயம் மாற்றவேண்டும்.

இயற்கை ரப்பர்ப் பாலால் ஆன லேடெக்ஸ் கையுறை கையோடு ஒட்டி மென்மையாக இருக்கும். எனினும் சிலருக்கு அது அரிப்பையும் தடிப்பையும், அரிதாக மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். அவர்கள் நைட்ரைல் வகையை நாடவேண்டும். எளிதாக மாட்டுவதற்கெனத் தூள் தூவிய கையுறைகளும் முன்பு மிகுதியாக வழங்கின. அத்தூள் காற்றில் பறந்து ஒவ்வாமையைப் பரப்புவதாலும், உடலுக்குள் தங்கி அழற்சியை விளைவிப்பதாலும், அமெரிக்க அரசு 2017 ஜனவரியில் அவற்றைத் தடைசெய்தது. தூளற்றதையே நாமும் கேட்டு வாங்கலாம்.

வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியோரைப் பேணும் குடும்பங்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். புண்ணைத் துடைக்கவும், இரத்தம், மலம், சிறுநீர் ஆகியவற்றை அகற்றவும் கையுறை வேண்டும். உணவூட்டவும், தலையைக் கோதவும், கரம்பற்றிச் செபிக்கவும் வேண்டியதில்லை. தொழுநோயாளரை ஆண்டவர் இயேசு கைநீட்டித் தொட்டதை மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் காண்கிறோம். கையுறை நோயை விலக்குவதற்கு உரியது. நோயாளியை விலக்குவதற்கு அன்று.

மேலும், கையுறை கைகழுவுதலுக்கு மாற்றாகாது. அணியுமுன்னும் கழற்றிய பின்னும் கையைக் கழுவுதல் வேண்டும். 2020-இல் கொரோனாக் காலத்தில் கையுறை அணிந்தே கடைப்பொருளையும், பணத்தையும், கைப்பேசியையும், இறுதியில் தம் முகத்தையும் தொட்டோர் பலர். கிருமிக்குக் கையும் கையுறையும் ஒன்றுதான். கழற்றுவதற்கும் முறை உண்டு. ஒரு கையுறையின் வெளிப்புறத்தை மணிக்கட்டருகே பிடித்து உட்புறம் வெளியாகுமாறு உரித்து, மற்றக் கையில் சுருட்டிப் பிடிக்கவேண்டும். பின்பு வெறும் விரலை இரண்டாவதன் உட்புறம் நுழைத்து, முதலாவதும் உள்ளே அடங்குமாறு உரிக்கவேண்டும். அழுக்கான புறத்தை வெறுங்கை தொடவே கூடாது.

தோல் தொழிலில்

நம் பகுதியின் தொழிலுக்கு வருவோம். தோல் விளையும் ஊராயிற்றே, தோற்கையுறையே சிறந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மையோ நேர்மாறானது. பதனிடும் தொழிலின் ஈரமான கட்டங்களில் தோற்கையுறை உதவாது. தோல் நீரை உறிஞ்சும். நீரோடு மருந்தையும் உறிஞ்சிக் கையோடு அணைத்து வைத்துக்கொள்ளும்.

பச்சைத் தோலைக் கையாளுவோர்க்கு முதற்கேடு கிருமி. அடைப்பான் நோய்க்கு உள்ளான கால்நடையின் தோல் வழியே அந்நோய் மனிதரைப் பற்றுவதுண்டு. கையில் சிறு கீறல் இருப்பினும் அது வாயிலாகிவிடும். அடுத்து உரோமம் நீக்கும் கட்டத்தில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த காரநீர் சருமத்தை அரிக்கிறது. அதன்பின் உப்பும் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும் கலந்த நீர். அதற்குப் பின் குரோமிய உப்பு. இந்நீர்களில் நாள்தோறும் நனையும் கை முதலில் வெடிக்கும். பிறகு ஆறாப் புண்ணும் ஒவ்வாமையும் வந்து சேரலாம். குரோமிய ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் நீங்குவதில்லை. குரோமியத்தால் பதனிட்ட தோற்கையுறையும் காலணியும்கூட அவருக்குப் பகையாகிவிடும்.

இக்கட்டங்களுக்கு உரியது முழங்கையை எட்டும், தடித்த நைட்ரைல் அல்லது நியோப்ரீன் கையுறை. ஈரத்தோல் வழுக்காதிருக்க அதன் உள்ளங்கைப் புறம் சொரசொரப்பாக இருத்தல் நலம். உள்ளே மெல்லிய பருத்தியுறை அணிந்தால் வியர்வை தேங்காது. கத்தியால் தோலை வெட்டுவோர்க்கு இது போதாது; வெட்டைத் தாங்கும் தனி நார்க் கையுறையோ உலோக வலைக் கையுறையோ வேண்டும்.

காலணித் தொழிலில் பசை பூசுவோர் நிலை இன்னும் நுண்மையானது. பசையில் டொலுவீன், அசிட்டோன், மீத்தைல் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பான்கள் கலந்திருக்கும். மருத்துவமனையின் மெல்லிய கையுறையை இவை சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கிழிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பியூட்டைல் ரப்பர் கீட்டோன்களைத் தாங்கும், டொலுவீனைத் தாங்காது. எல்லாவற்றையும் தாங்கும் கையுறை ஒன்று உலகில் இல்லை. எனவே மருந்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளைப் பார்த்தே கையுறையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். கைப்பிடியுள்ள தூரிகையால் பூசுவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும், கையுறையை அடிக்கடி மாற்றுவதும் அதனினும் நன்று. ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் காலணியின் மேல்தோலை வீட்டில் வைத்துத் தைக்கும் தாய்மார் பலர். ஊசி குத்தும் விரலுக்கு விரலுறை அணிவதும், பசை டப்பாவைக் குழந்தைகளின் கைக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் வைப்பதும் அவர்கள் கடமையாகும்.

இனி, கையுறை அணியவே கூடாத இடமும் உண்டு. சுழலும் உருளைகள் கொண்ட தோல் எந்திரங்கள், துளையிடும் எந்திரம், கரும்புச் சாறு பிழியும் எந்திரம் ஆகியவற்றருகே கையுறையின் நுனி சிக்கினால் கை முழுவதும் உள்ளே இழுக்கப்படும். அங்கே எந்திரத்திற்குத் தடுப்புக் கூண்டு வேண்டும், கைக்குக் கையுறையன்று. அவ்வாறே கழிவுநீர்த் தொட்டியில் இறங்குவோரைக் கையுறை காப்பாற்றாது. அங்கே உயிரைப் பறிப்பது நச்சுக்காற்று. கையுறையைக் கொடுத்துவிட்டு மனிதரைத் தொட்டிக்குள் இறக்குதல் பெரும்பாவம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

நிலத்திலும் கட்டடத்திலும்

ஈரச் சிமெண்டு வெறும் மண்ணன்று. அதன் காரம் சருமத்தை எரிக்கும். அதிலும் குரோமியம் சிறிதளவு உண்டு. சித்தாள் வேலை செய்யும் பெண்களின் கைகள் வெடித்திருப்பது இதனாலேயே. துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சிக் கேட்டை வளர்க்கும். நைட்ரைல் பூசியதோ பி.வி.சி.யால் ஆனதோ வேண்டும்.

பூச்சிமருந்து தெளிப்போர்க்கும் தோலும் துணியும் ஆகா. உள்ளே துணி ஒட்டாத நைட்ரைல் கையுறையே ஏற்றது. மருந்தைக் கலக்கும் நேரமே தெளிக்கும் நேரத்தைவிட ஆபத்தானது. அப்போது மருந்து முழுச்செறிவோடு இருக்கும். கையைத் தாழ்த்தித் தெளிக்கும்போது சட்டைக்கை கையுறையின் மேல் வரவேண்டும். கையை உயர்த்தி மரத்திற்குத் தெளிக்கும்போது கையுறை சட்டைக்கையின் மேல் வரவேண்டும். மருந்து உள்ளே வழியாதிருக்க இதுவே வழி. பணி முடிந்ததும், கழற்றுமுன் கையுறையைச் சோப்பு நீரால் கழுவவேண்டும்.

மின்பணிக்குரிய ரப்பர் கையுறைக்கு ஐ.எஸ். 4770 என்னும் தனித் தரநிலை உண்டு. பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மின்கம்பியைத் தொடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

இல்லத்தில்

சோப்புத்தூளிலும் பிளீச்சிங் பவுடரிலும் நாள்முழுதும் ஊறும் இல்லத்தரசியின் கைகளையும் நாம் மறக்கலாகாது. துலக்குவதற்கும் துவைப்பதற்கும் சற்றுத் தளர்வான ரப்பர் கையுறை போதும். அதை இருபது நிமிடத்திற்கு ஒருமுறை கழற்றிக் கையை ஆறவிடுதல் நலம். சமையலறைக்கு ஒன்றும் கழிப்பறைக்கு ஒன்றுமாக வேறு வேறு நிறத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் நேராது. கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கலாகாது. எழும் நச்சுக்காற்றைக் கையுறை தடுக்காது. பச்சைமிளகாய் மிகுதியாக அரியும்போது மெல்லிய கையுறை அணிந்தால் கையெரிச்சல் இல்லை. பங்கு விருந்தில் பரிமாறுவோர் அணியும் மெல்லிய பிளாஸ்டிக் கையுறையை அடுப்பருகே அணியவேண்டா. அது உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். சுடுபாத்திரத்திற்கு உலர்ந்த தடித்த துணியே ஏற்றது. நனைந்த துணி சூட்டை விரைந்து கடத்தும்.

வாங்கும்போதும் பேணும்போதும்

கையுறையை வாங்குமுன் கையின் அளவை அறிந்துகொள்ளுங்கள். பெரிதானால் நழுவும், சிறிதானால் இறுக்கிக் கிழியும். ஆண்களுக்கான அளவையே பெண் தொழிலாளருக்கும் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு, அது மாறவேண்டும். பெட்டியில் தரமுத்திரையும் எப்பணிக்கு உரியது என்ற குறிப்பும் உள்ளனவா என்று பாருங்கள். அணியுமுன் கையுறையில் காற்றை அடைத்து வாயைச் சுருட்டி அழுத்துங்கள். ஓட்டையிருந்தால் காற்று வெளியேறும். லேடெக்ஸ் அணியுமுன் கையில் தேங்காய் எண்ணெய் பூசவேண்டா. எண்ணெய் இயற்கை ரப்பரை நொய்யச் செய்யும். எண்ணெயைப் பணி முடிந்த பின் பூசிக்கொள்ளலாம். கழுவிய கையுறையை வெயிலில் இடாமல் நிழலில் உலர்த்துங்கள்.

மருத்துவமனையில் பயன்பட்ட கையுறை 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி சிவப்புப் பைக்குச் செல்லவேண்டும். வீட்டில் நோயாளிக்குப் பயன்பட்டதைத் தாளில் பொதிந்து, குறியிட்டுத் தனியே கொடுங்கள். நம் குப்பையைப் பிரிக்கும் சகோதரிக்கும் கைகள் உண்டு.

யாருடைய கடமை?

கையுறையை அணிபவர் ஒருவர். அதனைத் தெரிந்தெடுத்து வாங்குபவர் பெரும்பாலும் வேறொருவர். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பாதுகாப்புக்கென வழங்கும் கருவிகளுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அவ்வாறே கூறுகிறது. ஆகவே நல்ல கையுறையைக் கேட்பது இரத்தல் அன்று, உரிமையாகும். உடல்நலத்திற்குக் கேடு செய்யாத பணியிடம் தொழிலாளியின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைக் குறித்து 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவாக்கியுள்ளார்.

முதலாளிகளை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது எளிது. நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் பணிப்பெண்ணுக்கு நாம் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறோமா? ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் துப்புரவு செய்பவருக்குப் பங்கு என்ன கொடுத்திருக்கிறது? வயலில் மருந்து தெளிக்க அழைத்த கூலியாளின் கையை நாம் பார்த்தோமா? பங்குப் பேரவையும் மாதர் சங்கமும் ஒருநாள் கூடி, அவரவர் தொழிலுக்கேற்ற கையுறையைக் காட்டி விளக்கலாம். மருத்துவமனையில் பணிபுரியும் நம் செவிலியரே அதற்கு ஆசிரியராகலாம்.

மே முதல் நாளை, உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளாக 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் உளியும் மரமும் பிடித்த கைகளே திருக்குடும்பத்தைக் காத்தன. அவ்வகைக் கைகளே இன்று அணைக்கட்டிலிருந்து விடியலில் புறப்பட்டுச் செல்கின்றன. மாலையில் அவை பழுதின்றி வீடு திரும்பவும், குடும்ப செபமாலையில் மணிகளை உருட்டவும் வேண்டுமெனில், எந்தக் கைக்கு எந்தக் கையுறை என்னும் வினாவை இன்றே நம் இல்லத்தில் கேட்போமாக.